நுரையீரலில் ரத்தக்கட்டி வந்த பிறகு உடல் தேறுவதும் பயணம் போவதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நுரையீரல் ரத்தக்குழாயைக் கட்டி அடைத்து, சில நாள் ஆஸ்பத்திரியில் இருந்து, கையில் மாத்திரைச் சீட்டோடு வீடு திரும்பியவர்களும் அவர்கள் வீட்டாரும் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. இங்கே வரும் மாத்திரை அளவுகள் பெரியவர்களுக்கான வழக்கமான அளவுகள். உங்கள் சீட்டில் வேறு மாதிரி எழுதியிருந்தால் சிறுநீரகம், எடை, வயது என்று ஏதோ காரணம் இருக்கும். சீட்டில் உள்ளதையே பின்பற்றுங்கள்.

1. டிஸ்சார்ஜ் ஆகி வந்துட்டேன். அப்படின்னா கட்டி கரைஞ்சு போச்சுதானே?

பெரும்பாலும் இல்லை. கட்டியைக் கரைக்கும் மருந்து தனி. ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கு ஆபத்தான நிலையில் வந்தவர்களுக்குத்தான் அதைக் கொடுப்பார்கள், ஏனென்றால் அதில் மூளையில் ரத்தம் கசியும் ஆபத்தும் உண்டு. மற்றவர்களுக்குக் கொடுக்கும் உறைதடுப்பு மாத்திரை எதையும் கரைப்பதில்லை. கட்டி மேலும் வளராமலும் புதிதாக ஒன்று உருவாகாமலும் தடுக்கிறது. அந்த இடைவெளியில் உடம்பே வாரக்கணக்கிலும் மாதக்கணக்கிலும் கட்டியைக் கரைத்துக்கொள்கிறது.

அதனால் வீட்டுக்கு வந்த முதல் சில வாரங்கள்தான் மாத்திரை தவறவே கூடாத காலம். உடம்பு தெம்பாகிவிட்டதே என்று விடுபவர்களுக்குத்தான் கட்டி திரும்ப வருகிறது.

2. அடைப்பு நெஞ்சுல. காலை எதுக்கு ஸ்கேன் பண்ணாங்க?

பெரும்பாலான கட்டிகள் உருவாவது கால் அல்லது இடுப்பின் ஆழமான சிரைகளில். அங்கிருந்து பிய்ந்து, இதயத்தின் வலது பக்கம் வழியாக நுரையீரல் குழாயில் போய்ச் சிக்குகின்றன. காலில் மிச்சம் இருக்கிறதா என்று பார்க்கத்தான் அந்த ஸ்கேன். இனிமேல் ஒரு கால் மட்டும் வீங்கினாலோ, கெண்டைக்கால் சதை வலித்துச் சூடாக இருந்தாலோ அதைச் சுளுக்கு என்று எண்ணித் தைலம் தேய்த்து உருவக் கூடாது. அன்றே டாக்டரிடம் காட்ட வேண்டும்.

3. எனக்கு ஒரு மாத்திரை, பக்கத்து பெட்காரருக்கு வேற மாத்திரை. ஏன்?

இப்போது அதிகம் எழுதப்படுபவை இரண்டு. ரிவராக்ஸபான்: முதல் 21 நாள் 15 மி.கி. காலையும் இரவும், பிறகு 20 மி.கி. நாளுக்கு ஒருமுறை. இந்த இரு அளவுகளையும் சாப்பாட்டோடுதான் போட வேண்டும், வெறும் வயிற்றில் போட்டால் மருந்து முழுதாக உடம்பில் சேராது. அபிக்ஸபான்: முதல் 7 நாள் 10 மி.கி. இருவேளை, பிறகு 5 மி.கி. இருவேளை. இதற்குச் சாப்பாட்டுக் கணக்கு இல்லை. டாபிகாட்ரான் கொடுத்திருந்தால், அதற்கு முன் குறைந்தது ஐந்து நாள் ஹெப்பாரின் வகை ஊசி போட்டிருப்பார்கள். அந்தக் கேப்ஸ்யூலைப் பிரித்துப் பொடியைத் தண்ணீரில் கலக்கிக் குடிக்கக் கூடாது, மருந்து அளவுக்கு மீறி ரத்தத்தில் ஏறிவிடும்.

பழைய மாத்திரைகளான வார்ஃபரினும் அசினோகூமராலும் (கடையில் ‘அசிட்ரோம்’ என்று கேட்டு வாங்குவது இதைத்தான்) இன்னும் தேவைப்படுகின்றன. இதயத்தில் செயற்கை உலோக வால்வு வைத்தவர்கள், ஆன்டிபாஸ்போலிப்பிட் நோய் (ரத்தம் எளிதில் கட்டிக்கொள்ளும் கோளாறு) உள்ளவர்கள் ஆகியோருக்குப் புதிய மாத்திரைகள் ஒத்துவராது. சிறுநீரகம் மிகவும் பழுதானவர்களுக்கும் பெரும்பாலும் பழையதுதான். இவற்றைச் சாப்பிடுபவர்கள், ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். என்ற ரத்தப் பரிசோதனையை விடாமல் செய்து, பெரும்பாலும் 2-க்கும் 3-க்கும் இடையில் வைத்திருக்க வேண்டும்.

அளவு மாறும் நாளில்தான் குழப்பம் வருகிறது. ரிவராக்ஸபானில் 22-ஆம் நாள் என்ன தேதி என்று காலண்டரில் இன்றே குறித்துவிடுங்கள். 15 மி.கி. அட்டை தீர்ந்ததும் ‘கோர்ஸ் முடிந்தது’ என்று நிறுத்துவதும், 20 மி.கி. வந்த பிறகும் இருவேளை போடுவதும், இரண்டுமே நடக்கின்றன.

4. எத்தனை மாசம்? ஆயுசு முழுக்கவா?

யாருக்கும் மூன்று மாதத்துக்குக் குறையாது. அதன் பிறகு என்ன என்பது கட்டி ஏன் வந்தது என்பதைப் பொறுத்தது. பெரிய அறுவை சிகிச்சை, எலும்பு முறிவு என்று கண்ணுக்குத் தெரிந்த, கடந்துபோன காரணம் இருந்தால் பெரும்பாலும் மூன்று மாதத்தில் நிறுத்தலாம். புற்றுநோய் இருந்தால் அது அடங்கும்வரை. காரணமே தெரியாமல் வந்திருந்தால், நிறுத்திய முதல் ஆண்டிலேயே நூற்றில் சுமார் பத்துப் பேருக்குத் திரும்ப வருகிறது. அவர்களுக்குப் பெரும்பாலும் தொடரச் சொல்வார்கள். ஆறு மாதத்துக்குப் பிறகு பலருக்கு அளவைக் குறைக்க முடியும்: அபிக்ஸபான் 2.5 மி.கி. இருவேளை அல்லது ரிவராக்ஸபான் 10 மி.கி. ஒருவேளை.

5. ஒரு மாசம் ஆகியும் மாடி ஏறினா மூச்சு வாங்குது. இது சரியாகுமா?

முதல் ஆறு வாரம் களைப்பு, ஆழமாக மூச்சு இழுத்தால் விலாவில் குத்துவது, படி ஏறினால் இளைப்பது எல்லாம் பலருக்கும் இருக்கும். பார்க்க வேண்டியது எந்தப் பக்கம் போகிறது என்பதை. போன வாரம் தெருமுனை வரை நடந்தவர் இந்த வாரம் கடைவரை போகிறார் என்றால் சரியான வழி. படுத்தே கிடப்பது இதற்கு மருந்தல்ல. சமதளத்தில் பேசிக்கொண்டே நடக்கக்கூடிய வேகத்தில், முதலில் ஐந்து பத்து நிமிடம் இரண்டு மூன்று தடவை என்று ஆரம்பித்து, சில நாளுக்கு ஒருமுறை கூட்டிக்கொண்டே போகலாம்.

மூன்று மாதம் முழுதாக மாத்திரை சாப்பிட்ட பிறகும் இளைப்பு குறையவில்லை என்றால் சும்மா இருக்கக் கூடாது. நூற்றில் இரண்டு மூன்று பேருக்குக் கட்டி கரையாமல் தழும்பாகி, நுரையீரல் ரத்தக்குழாயில் அழுத்தம் ஏறிவிடுகிறது. எக்கோ என்ற இதய ஸ்கேனும், காற்றோட்டமும் ரத்தவோட்டமும் பார்க்கும் நுரையீரல் ஸ்கேனும் செய்தால் தெரியும். அறுவை சிகிச்சையால் குணப்படுத்தக்கூடிய நோய் இது, ஆனால் ‘வயசாச்சு, வெயிட் போட்டாச்சு’ என்று வருடக்கணக்கில் கவனிக்காமல் விடப்படுவதும் இதுதான்.

6. ஒரு வேளை மறந்துட்டேன். அடுத்த தடவை ரெண்டா போடலாமா?

பொதுவாகக் கூடாது. ஒரே ஒரு விலக்கு உண்டு: ரிவராக்ஸபான் 15 மி.கி. இருவேளை போடும் முதல் 21 நாளில் மறந்தால், அன்றைய கணக்கு 30 மி.கி. ஆகும்படி உடனே போட வேண்டும், தேவைப்பட்டால் இரண்டையும் சேர்த்தே போடலாம். ஒருவேளை அளவுக்கு மாறிய பிறகு, அதே நாளில் நினைவு வந்தால் உடனே போடுங்கள், மறுநாள் வழக்கம்போல் ஒன்று. அபிக்ஸபானும் நினைவு வந்ததும் அதே நாளில் ஒன்று, பிறகு வழக்கமான நேரம். வார்ஃபரின், அசிட்ரோம் என்றால் அன்று இரவுக்குள் போடலாம். மறுநாள்தான் நினைவு வந்தது என்றால் விட்டுவிட்டு நோட்டில் குறித்து, ஐ.என்.ஆர். பார்க்கும்போது சொல்லுங்கள்.

புதிய மாத்திரைகளின் வேகம் பாதி நாளிலேயே பாதியாகக் குறைந்துவிடும். இரண்டு நாள் விட்டால் பாதுகாப்பே இல்லை.

7. கீரை சாப்பிடவே கூடாதாமே? விரதம் இருக்கலாமா?

கீரைக் கட்டுப்பாடு வார்ஃபரின், அசிட்ரோம் காரர்களுக்கு மட்டும். அவர்களும் நிறுத்த வேண்டியதில்லை. கீரையில் உள்ள வைட்டமின் கே மருந்தின் வேலையைக் குறைக்கும், அதனால் வாரத்துக்கு வாரம் ஏறத்தாழ ஒரே அளவில் சாப்பிட்டால் போதும். ஒரு மாதம் தொடாமல் இருந்துவிட்டு, ஊருக்குப் போனதும் ஒரு வாரம் முருங்கைக்கீரையாகச் சாப்பிட்டால் ஐ.என்.ஆர். இறங்கும்.

விரதத்தில் சிக்கல் ரிவராக்ஸபானுக்குத்தான். ஒருபொழுது இருப்பவர்கள் அந்த ஒரு சாப்பாட்டோடு போட்டுக்கொள்ளும்படி நேரத்தை முன்பே அமைத்துக்கொள்ளலாம். நோன்பு இருப்பவர்களுக்கு ஒருவேளை மாத்திரை என்றால் இஃப்தார் சாப்பாட்டோடு பொருந்தும். இருவேளை மாத்திரைக்கு சஹர், இஃப்தார் இடைவெளி சமமாக வராது, அதனால் ரமலானுக்கு முன்பே டாக்டரிடம் பேசுங்கள். தண்ணீர்கூட இல்லாத விரதம் முதல் மூன்று மாதம் வேண்டாம்.

8. வெளியூர்ல உடம்பு வலி, காய்ச்சல்னா கிளினிக்ல ஒரு ஊசி போட்டுக்கலாமா?

பயணத்தைவிட இதுதான் அதிகம் வம்பில் மாட்டிவிடுகிறது. இடுப்பில் போடும் வலி ஊசி தசைக்குள் ரத்தம் கட்டிக்கொள்ளச் செய்யும். அந்த ஊசி பெரும்பாலும் டைக்ளோஃபெனாக், அதுவே வயிற்றில் ரத்தக்கசிவையும் தூண்டும். ஐபுப்ரோஃபென், ஆஸ்பிரின் கலந்த தலைவலி மாத்திரை எல்லாம் இதே வகை. உள்ளே போனதும் சொல்ல வேண்டிய முதல் வரி: ‘நான் ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடுறேன்.’ காய்ச்சலுக்கும் வலிக்கும் பாராசிட்டமால் போதும். ஆனால் வார்ஃபரின் காரர்கள் அதையே நாளுக்கு நான்கு மாத்திரை வீதம் பல நாள் போட்டால் ஐ.என்.ஆர். ஏறும். கையில் மெல்லிய ஊசியால் போடும் தடுப்பூசிகளுக்குத் தடையில்லை. தேய்க்காமல் இரண்டு மூன்று நிமிடம் அழுத்திப் பிடித்தால் போதும்.

வயிற்றுப்போக்குக்கு எழுதும் மெட்ரோனிடசோல், பூஞ்சைக்கான ஃப்ளூகோனசோல், கிருமிக்கொல்லியான கோட்ரைமாக்ஸசோல் ஆகியவை வார்ஃபரினை உச்சத்துக்கு ஏற்றிவிடும். நேர்மாறாக, காசநோய் மருந்தான ரிஃபாம்பிசினும் வலிப்பு மருந்துகளான ஃபெனிடாயின், கார்பமசெபினும் புதியது, பழையது இரண்டின் வேகத்தையுமே குறைக்கும். காசநோய் மருந்து ஆரம்பிக்கும் நாளிலேயே உறைதடுப்பு மருந்து எழுதிய டாக்டருக்குத் தெரிய வேண்டும்.

டெங்கு காலத்தில் காய்ச்சல் வந்தால் முதல் நாளே ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். தட்டணு (பிளேட்லெட்) 50,000-க்குக் கீழே போனால் மாத்திரையைக் குறைப்பதா நிறுத்துவதா என்று டாக்டர் முடிவெடுக்க வேண்டிய கட்டம் அது. பப்பாளி இலைச் சாறைக் குடித்துக்கொண்டு வீட்டில் காத்திருக்க வேண்டாம்.

9. டிக்கெட் எடுத்தாச்சு. எத்தனை நாள் கழிச்சு ஃப்ளைட் ஏறலாம்?

சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கத்தின் மருத்துவக் கையேடு, மருந்து நிலைப்பட்டு, ஆக்சிஜன் இல்லாமலேயே ரத்தத்தில் ஆக்சிஜன் இயல்பாக இருந்தால் ஐந்தாம் நாளிலிருந்தே அனுமதிக்கிறது. பிரிட்டிஷ் மார்பு மருத்துவச் சங்கம் 2011-இல் நான்கு வாரம் காக்கச் சொன்னது, 2022-இல் அதை இரண்டு வாரமாகக் குறைத்தது. சாவு, வேலை, விசா என்று தவிர்க்க முடியாதது இல்லையென்றால் நான்கு வாரம் காப்பதே நல்லது என்பது எங்கள் எண்ணம். காரணம் விமானம் மட்டுமல்ல. மாத்திரை அளவு மாறுவதும், பக்கவிளைவு தெரியவருவதும் அந்த முதல் மாதத்தில்தான். அப்போது உங்கள் டாக்டர் எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

வீட்டிலேயே ஒரு சோதனை: ஐம்பது மீட்டர் சாதாரண வேகத்தில் நடந்து, ஒரு மாடி ஏறுங்கள். நின்று மூச்சு வாங்காமல் முடிந்தால் பெரும்பாலும் விமானம் தாங்கும்.

10. மேலே போனா ஆக்சிஜன் குறையுமாமே, பயமா இருக்கு.

குறையும், ஆனால் எவ்வளவு என்று தெரிந்தால் பயம் தெளியும். விமானத்துக்குள் காற்றழுத்தம் அதிகபட்சம் 8,000 அடி, அதாவது சுமார் 2,440 மீட்டர் உயரத்துக்குச் சமம். ஊட்டி 2,240 மீட்டர். ஊட்டியில் உட்கார்ந்திருப்பதைவிடக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். போயிங் 787 போன்ற புதிய விமானங்களில் 6,000 அடி அளவிலேயே வைக்கிறார்கள்.

உட்கார்ந்திருக்கும்போது விரல் மீட்டரில் ஆக்சிஜன் அளவு 95-க்கு மேல் இருந்தால் வழக்கமாக ஆக்சிஜன் தேவைப்படாது. 92-க்குக் கீழே என்றால் விமானத்தில் ஆக்சிஜன் வேண்டும். இடைப்பட்டவர்கள் நுரையீரல் மருத்துவரைப் பார்த்துவிட்டே டிக்கெட்டை உறுதி செய்யுங்கள். மருதாணியும் நகப்பூச்சும் மீட்டரை ஏமாற்றும், அவை இல்லாத விரலில் பாருங்கள். ஆக்சிஜன் தேவை என்றால் விமான நிறுவனத்தின் மருத்துவப் படிவத்தை டாக்டரிடம் நிரப்பி, குறைந்தது 48 மணி நேரத்துக்கு முன் கொடுக்க வேண்டும். சொந்த சிலிண்டரைப் பெரும்பாலும் ஏற்ற விடமாட்டார்கள். கையடக்க ஆக்சிஜன் கருவிக்குப் பயண நேரத்தைப்போல் ஒன்றரை மடங்குக்கு பேட்டரி கேட்கும் நிறுவனங்கள் உண்டு.

11. மாத்திரை சாப்பிடுறவங்களுக்கும் பயணத்துல திரும்ப வருமா? சாக்ஸ் போடணுமா?

ஒழுங்காக முழு அளவு சாப்பிடுபவருக்கு அந்த மாத்திரைதான் முதன்மையான பாதுகாப்பு. மற்றவை அதற்குத் துணை. உலக சுகாதார நிறுவனம் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், நான்கு மணி நேரத்துக்கு மேல் நகராமல் உட்காரும் பயணம் கட்டி வரும் வாய்ப்பை இரண்டு மூன்று மடங்காக்குவது தெரிந்தது. விமானம் மட்டுமல்ல, கார், பஸ், ரயிலும்தான். 160 செ.மீ.க்குக் குறைந்த உயரம் உள்ளவர்களுக்கு விமானத்தில் வாய்ப்பு கூடுவதும் அதில் தெரிந்தது. கால் தரையில் பதியாமல் சீட்டின் விளிம்பு தொடைக்கடியில் அழுத்துகிறது. நம் வீட்டுப் பெண்கள் பலர் இந்த உயரம்தான். பாதத்துக்கடியில் ஒரு சின்னப் பையைப் போட்டுக் காலைத் தாங்கிக்கொள்ளுங்கள்.

நடைபாதை ஓர சீட் எடுங்கள். ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து நடங்கள். உட்கார்ந்தபடியே குதிகாலை ஊன்றி விரல்களைத் தூக்குவது, விரல்களை ஊன்றிக் குதிகாலைத் தூக்குவது என்று மாற்றி மாற்றி இருபது தடவை, அரைமணிக்கொரு முறை. கெண்டைக்கால் சுருங்கும்போதுதான் சிரை ரத்தம் மேலே ஏறும். தூக்க மாத்திரையும் மதுவும் வேண்டாம், இரண்டும் ஆளை அசையாமல் போட்டுவிடும்.

அழுத்தக் காலுறை வாங்கினால் முழங்காலுக்குக் கீழ்வரை வருவது, கணுக்காலில் 15 முதல் 30 மி.மீ. பாதரச அழுத்தம் உள்ளது. காலையில் வீக்கம் ஏறுமுன் கணுக்காலின் மெல்லிய இடத்தையும் கெண்டைக்காலின் பருத்த இடத்தையும் அளந்து வாங்குங்கள். மேல் விளிம்பைச் சுருட்டி இறக்கிவிடாதீர்கள், அது கயிறுபோல் இறுக்கும். சர்க்கரை நோயால் பாதம் மரத்தவர்களும், காலுக்கு ரத்தம் வரும் தமனி அடைப்பு உள்ளவர்களும் டாக்டரைக் கேட்காமல் போடக் கூடாது.

12. ஆம்னி பஸ்ல ஸ்லீப்பர்தானே, படுத்துட்டுப் போனா சரியா?

உட்காருவதைவிடப் படுப்பது நல்லது. ஆனால் மேல் படுக்கை எடுத்தால் இறங்கவே மனம் வராது, இறங்கும்போது விழுந்தால் உறைதடுப்பு மாத்திரையோடு தலையில் அடி. கீழ்ப் படுக்கை கேளுங்கள். ரயில் கிடைத்தால் ரயிலே மேல், நடக்க இடமும் கழிப்பறையும் உண்டு. பஸ்ஸில் கழிப்பறை இல்லை என்று மத்தியானத்திலிருந்தே தண்ணீர் குடிக்காமல் ஏறுவது பெண்கள் பலரின் வழக்கம். இந்த நோய் வந்தவர் அதைச் செய்யக் கூடாது. சொந்தக் கார் என்றால் இரண்டு மணிக்கொரு நிறுத்தம்.

13. அமெரிக்கா போறேன். இங்க ராத்திரி அங்க பகல். மாத்திரையை எப்போ போடுறது?

சுவர்க் கடிகாரத்தை மறந்து இடைவெளியை எண்ணுங்கள். இருவேளை மாத்திரைக்கு 12 மணி நேரம், ஒருவேளைக்கு 24. இங்கே காலை 8, இரவு 8 என்று போடுபவருக்கு நியூயார்க்கின் கோடைகால நேரத்தில் அது இரவு 10.30, காலை 10.30 ஆகிறது. குளிர்காலத்தில் இரண்டும் 9.30. மாற்றவே தேவையில்லை, போனில் அலாரத்தை இந்திய நேரத்திலேயே விட்டுவிடலாம்.

லண்டனுக்கு ரிவராக்ஸபான் 20 மி.கி.யோடு போகிறவருக்கு இங்கே இரவு 8.30 என்பது அங்கே கோடையில் மாலை 4 மணி. சாப்பாடு இல்லாத நேரம். போய்ச் சேர்ந்ததும் நாளுக்கு இரண்டு மணி நேரம் தள்ளினால் இரண்டாம் நாளில் இரவுச் சாப்பாட்டுக்கு வந்துவிடும். ஒரு வாரப் பயணமென்றால் நான்கு மணிக்கு ஏதாவது வயிறு நிறையச் சாப்பிட்டுப் போட்டுவிட்டுப் போகலாம்.

14. மாத்திரையையும் ஊசியையும் பெட்டியில போடலாமா?

கைப்பையில் மட்டும். பெட்டி தொலைந்தால் இரண்டு நாளில் நீங்கள் ஆறாம் கேள்வியில் சொன்ன நிலைக்கு வந்துவிடுவீர்கள். சரக்குப் பகுதியின் குளிரில் ஊசி மருந்து உறைந்தால் அதைப் பயன்படுத்தக் கூடாது. ஹெப்பாரின் வகையான ஈனாக்ஸாபாரின் ஊசியை 25 டிகிரிக்குள் வைக்க வேண்டும், நிறுத்திய காருக்குள் விட்டுப் போகாதீர்கள். மாத்திரைகளை அட்டையோடு கொண்டுபோங்கள். டாபிகாட்ரானை டப்பாவில் பிரித்துப் போடவே கூடாது, ஈரம் அதைக் கெடுக்கும்.

பயண நாட்களுக்கு மேல் ஒரு வாரத்துக்குக் கூடுதல் மாத்திரை, மருந்தின் மூலப்பெயர் எழுதிய சீட்டு, ஊசி இருந்தால் டாக்டரின் கடிதம் ஆகிய மூன்றும் பாஸ்போர்ட்டோடு இருக்கட்டும். இந்தியக் கம்பெனிப் பெயர்கள் வெளிநாட்டில் யாருக்கும் புரியாது. பயணக் காப்பீட்டுப் படிவத்தில் இந்த நோயை மறைத்தால் பணம் கிடைக்காது.

15. நேர்த்திக்கடன் இருக்கு. திருப்பதி படி ஏறலாமா, அலகு குத்தலாமா?

அலிபிரி வழியில் சுமார் 3,550 படிகள். மூன்று மாதம் முடிந்து, இளைப்பு இல்லையென்று டாக்டர் சொன்ன பிறகு, நின்று நின்று ஏறலாம். அதற்கு முன் பஸ்ஸில் போய்க் கும்பிடுங்கள். மொட்டை போட்டால் சின்னக் கீறலிலும் ரத்தம் நிற்க நேரமாகும். சுத்தமான துணியால் பத்து நிமிடம் விடாமல் அழுத்துங்கள். அலகு குத்துவது, காவடிக்கு முதுகில் கொக்கி மாட்டுவது இரண்டும் மாத்திரை சாப்பிடும்வரை கூடவே கூடாது, பழனியானாலும் பத்துமலையானாலும்.

ஊட்டி, கொடைக்கானல் பத்தாம் கேள்வியில் சொன்ன விமான உயரம்தான். லே போன்ற 3,500 மீட்டர் இடங்களுக்கு விமானத்தில் நேராகப் போய் இறங்குவது வேறு கதை. முதல் மூன்று மாதம் வேண்டாம். அதன் பிறகும் எக்கோ பார்த்துவிட்டு.

16. கோயில் போற தேதியில பீரியட்ஸ் வரும். தள்ளிப்போட மாத்திரை போடலாமா?

கடையில் கேட்டதும் கொடுக்கும் நோரெதிஸ்டரோன் வேண்டாம். அதில் ஒரு பகுதி உடம்பில் ஈஸ்ட்ரோஜனாக மாறும், கட்டி வந்தவர்களுக்கு அது ஆகாது. ஈஸ்ட்ரோஜன் உள்ள கருத்தடை மாத்திரையும் அப்படியே. தேதியை மாற்ற முடியாதென்றால் மகப்பேறு மருத்துவரிடம் கட்டி வந்ததைச் சொல்லிக் கேளுங்கள்.

உறைதடுப்பு மாத்திரையால் உதிரப்போக்கு அதிகமாவது உண்டு, ரிவராக்ஸபானில் குறிப்பாக. அதற்காக டிரானெக்ஸாமிக் அமில மாத்திரையைச் சொந்தமாக வாங்கிப் போடாதீர்கள், அது கட்டிக்குத் துணைபோகும். மாத்திரையை மாற்றுவது, காப்பர்-டி போலவே இருக்கும், ஆனால் ஹார்மோன் உள்ள கருவியைக் கருப்பையில் வைப்பது என்று வழிகள் உண்டு. நாள் தள்ளிப்போனால் உடனே பரிசோதியுங்கள்: கர்ப்பத்தில் புதிய மாத்திரைகளும் வார்ஃபரினும் குழந்தைக்கு ஆபத்து, ஊசிக்கு மாற வேண்டும்.

17. மாத்திரையை நிறுத்திட்டாங்க. இப்போ பதினோரு மணி நேர ஃப்ளைட். ஆஸ்பிரின் போட்டுட்டுப் போனா போதுமா?

ஆஸ்பிரினை நம்பாதீர்கள், பயணக் கட்டியைத் தடுக்க அது பரிந்துரைக்கப்படுவதில்லை. முன்பு ஒருமுறை வந்தவர், இப்போது மாத்திரையில் இல்லாதவர் என்ற நிலையில் பதினொன்றாம் கேள்வியில் உள்ள காலுறையும் நடையும் கட்டாயம். கூடவே, காரணம் தெரியாமல் கட்டி வந்தவர்கள், பயணத்துக்குச் சற்று முன் அறுவை சிகிச்சை செய்தவர்கள், புற்றுநோய் உள்ளவர்கள் போன்றோருக்குப் புறப்படும் முன் ஈனாக்ஸாபாரின் 40 மி.கி. ஊசி ஒன்று போடச் சொல்வதுண்டு. சிலர் மாத்திரை ஒன்று எழுதுவார்கள். எது, திரும்பும் நாளிலும் வேண்டுமா என்பதைப் புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பே கேளுங்கள். வீட்டில் மிச்சமிருக்கும் பழைய அட்டையிலிருந்து எடுத்துப் போட வேண்டாம், அளவு வேறாக இருக்கலாம்.

18. வழியில நெஞ்சு படபடன்னு வருது. பயத்தாலயா, திரும்பக் கட்டியான்னு எப்படித் தெரியும்?

இந்த நோய் வந்தவர்களுக்குப் பயப் படபடப்பு சகஜம். அது பெரும்பாலும் சில நிமிடத்தில் உச்சத்துக்குப் போய், மெதுவாக மூச்சை விட்டு உட்கார்ந்தால் அரைமணியில் இறங்கும், ஆக்சிஜன் அளவும் வழக்கம்போல் இருக்கும். திடீர் இளைப்பு குறையாமல் நிற்பது, மூச்சு இழுக்கும்போது குத்தும் புது வலி, இருமலில் ரத்தம், மயக்கம், உட்கார்ந்திருக்கும்போதே நாடித்துடிப்பு 100-க்கு மேல் நிற்பது, ஆக்சிஜன் வழக்கத்தைவிட நான்கைந்து புள்ளி இறங்குவது, ஒரு கால் வீங்குவது: இவற்றில் ஒன்று இருந்தாலும் பயம் என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள். மீட்டர் சரியாகக் காட்டினாலும் சந்தேகமிருந்தால் போய்க் காட்டுங்கள்.

ரத்தக்கசிவின் பக்கமும் பாருங்கள். தார்போல் கறுத்த மலம், சிவந்த சிறுநீர், பத்து நிமிடம் அழுத்தியும் நிற்காத மூக்கு ரத்தம், இதுவரை இல்லாத கடும் தலைவலி எல்லாம் அவசரம். தலையில் அடிபட்டால் நன்றாக இருப்பதாகத் தோன்றினாலும் ஸ்கேன் தேவை. தமிழ்நாட்டில் 108, இலங்கையில் 1990, விமானத்தில் பணிப்பெண்ணை அழைக்கும் பொத்தான். என்ன மாத்திரை, என்ன அளவு, கடைசியாக எத்தனை மணிக்குப் போட்டீர்கள் என்ற மூன்றையும் எழுதிய துண்டுச்சீட்டைப் பர்ஸில் வையுங்கள். கூட வருபவருக்கும் அது எங்கே இருக்கிறது என்று தெரியட்டும்.